ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

ஃபோனில் இடமில்லை என்று ஃபோனே மூன்று மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கரண்ட் பில்லைப் படம் எடுக்கப் போனேன். எடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டேன்.

அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அரை மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். குட்மார்னிங் ரோஜாக்கள், எலக்ட்ரீஷியனுக்குக் காட்ட எடுத்த சுவிட்ச் போர்டு, யாரோ வீட்டுக் கல்யாணத்தின் சாப்பாட்டு இலை என்று எழுநூறு படங்கள் போயின. "ஆயித்துப்பா" என்று ஃபோனை என் கையில் கொடுத்தாள். பார்த்தேன். இடம் ஒரு துளியும் கூடியிருக்கவில்லை.

"என்னடி, எழுநூறு அழிச்சும் அப்படியே இருக்கு?"

"டெலீட் பண்ணா மட்டும் சாலதுப்பா. எல்லாம் ட்ராஷ்ல உக்காந்திருக்கு. முப்பது நாள் அங்கயே இருக்கும். அதையும் காலி பண்ணாத்தான் ஜாகா வரும்."

சாலது என்றால் போதாது. ஜாகா என்றால் இடம். எங்கள் வீட்டுத் தமிழில் கன்னடம் இப்படி நடுநடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். என் மகளின் பேச்சில் தமிழ்தான் விருந்தாளி. அவள் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு அந்தக் குப்பைத் தொட்டியைக் காலி செய்யப் போனபோது நான் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பிடுங்கிவிட்டேன்.

"ஏன்ப்பா?"

"நான் பாத்துக்கறேன், விடு."

"ஒரே ஒரு பட்டன்ப்பா, அஷ்டே" என்று, அவ்வளவுதானே என்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள்.

தொட்டியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு படத்தின் கீழும் இன்னும் எத்தனை நாள் என்று எழுதியிருந்தது. ரோஜாக்களுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவில் அம்மா இருந்தாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் கடைசி வருடத்தில் விஜயநகர் வீட்டு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படங்கள், மொத்தம் நாற்பது. முப்பத்தொன்பதில் கண்ணை மூடியிருந்தாள். ஒன்றில் கை குறுக்கே வந்து கலங்கியிருந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, அழிக்கலாம் என்று ஃபோனே யோசனை சொல்லியிருக்கிறது. மகளும் சரி என்று சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அழித்த படங்கள் விழும் தொட்டியை நம்பி ஒருமுறை மோசம் போனவன் நான். அந்தக் கதை அவளுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டையில், பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். அப்பா அதே இடத்தில் இருபத்திரண்டு வருடமாக, இரும்பைக் கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நான் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தது அவர் சிபாரிசில்தான். அவருக்கு எண்ணெயும் இரும்பும், எனக்கு மின்விசிறியும் மேஜையும். ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் போவோம். அவர் முன்னால் உட்காருவார், நான் பின்னால். வழியில் என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். சிபாரிசில் வந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை மறைத்து வைப்பதில் எங்கள் குடும்பம் அப்போதே கைதேர்ந்திருந்தது.

அந்த வருடம் எங்கள் பிரிவுக்கு ஒரு டிஜிட்டல் காமிரா வந்தது. செங்கல் அளவு இருக்கும். பிலிம் கிடையாது. வயிற்றைத் திறந்து ஒரு ஃப்ளாப்பியை உள்ளே தள்ள வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஃப்ளாப்பி தெரியாது. உள்ளங்கை அகலத்தில் கறுப்பு பிளாஸ்டிக் சதுரம், உள்ளே மெல்லிய தட்டு. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நடுவில் வட்டமாகக் காசு போல ஒரு தகடு. ஒரு படம் எடுத்தால் காமிரா கர் கர் என்று அரைத்து அதை ஃப்ளாப்பிக்குள் இறக்கும். பதினைந்து படம் கொள்ளும். பதினாறாவதுக்கு இடமில்லை என்று சொல்லிவிடும். அப்போதும் இதே பாட்டுதான்.

காமிரா வந்தது விரிசல்களைப் படம் பிடிக்க. கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து லாரியில் வார்ப்புகள் வரும். விரிசல் விட்டதைப் படம் எடுத்து, அலுவலகத்தில் இருந்த கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பியைப் போட்டு, டெலிபோன் கம்பி வழியாகவே அவர்களுக்கு அனுப்பிவிடலாம். சரக்கைத் திருப்பி அனுப்பும்போது சண்டைக்கு ஆதாரம் வேண்டுமே. விரிசலைத் தவிர வேறெதையும் அதில் எடுக்கக் கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு. காமிரா இருந்த அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது. அந்த வயதில் எனக்கு அது கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட பத்து வயது மூத்தவர், மைசூர்க்காரர். ஒருமுறை நான் நாள் முழுக்கத் தட்டிய அறிக்கையை ஏதோ ஒரு பட்டனை அமுக்கி அழித்துவிட்டேன். அவரைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திரையின் மூலையில் இருந்த குப்பைத் தொட்டிப் படத்தைத் திறந்தார். அறிக்கை பத்திரமாக உள்ளே கிடந்தது. "இதுல அழிச்சா எங்கயும் போகாது. இங்கதான் இருக்கும்" என்றார். அன்றிலிருந்து அந்தத் தொட்டிமேல் எனக்கு அபார பக்தி.

அப்பாவின் முன்பல் ஒன்று பாதி உடைந்தது. லேத்தில் இறுக்கும் சாவி ஒருநாள் தெறித்து வாயில் அடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்து சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் சிரிப்பார். வீட்டில் இருந்த நாலைந்து போட்டோக்களிலும் கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி நிற்பார்.

அம்மாவுக்கு அந்த லேத்தோடு வேறு கணக்கு இருந்தது. அப்பாவின் காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை ஒருபுறம். அதைவிடப் பெரிய உபத்திரவம், துணியோடு துணியாக ஒட்டிக்கொண்டு வரும் இரும்புப் பிசிறுகள். கண்ணுக்குத் தெரியாது. சோப்புப் போட்டுக் கசக்கும்போது விரலில் ஏறும். துவைக்கிற நாளெல்லாம் அம்மா வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊசியால் விரலைக் கிளறிக்கொண்டிருப்பாள். "என்ன மெஷினோ, எப்படி இருக்குமோ, ஒருநாள் அது மூஞ்சியப் பாக்கோணும்" என்பாள். ஆனால் பார்த்ததில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, வீட்டு ஆட்களைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். அன்று அம்மாவுக்கு வீட்டுப் பூஜையே சரியாக இருக்கும்.

அடுத்த மே மாதத்தோடு அப்பாவுக்கு ஓய்வு. அவர் அங்கே கும்பிடப்போகும் கடைசி ஆயுத பூஜை அது. அம்மா விடியற்காலையிலேயே வீட்டுப் பூஜையை முடித்துவிட்டு, மாம்பழ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். அன்று அப்பா பஸ்ஸில் முன்னால் உட்காரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

தொழிற்சாலை அன்று சத்தமில்லாமல் இருந்தது. தினமும் கத்திப் பேசியே பழகிய எங்களுக்கு அந்த அமைதியில் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்த மெஷின்கள், வாழைக்கன்று, சாமந்தி மாலை, ஊதுவத்திப் புகை. அப்பா தன் லேத்துக்கு இரட்டை மாலை போட்டிருந்தார். அம்மாவை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஏதோ பெரிய மனிதரை அறிமுகம் செய்கிற மாதிரி, "இதுதான் அது, அம்மிணி" என்றார்.

அம்மா மேலும் கீழும் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஒரு விரலை நீட்டி அதன் முகத்துக்கு நேராக ஆட்டி, "நீதானா அது? இருபத்திரண்டு வருசமா என்ற கையக் குத்தறது நீதானா? நல்லா மாலையப் போட்டுட்டு நிக்கறயே, வெக்கமா இல்ல உனக்கு?" என்றாள்.

அப்பா வாயைத் திறந்து சிரித்தார். உடைந்த பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் லேத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் காமிராவை அமுக்கினேன். பத்து வினாடி அது கர் கர் என்று அரைத்தது. மேனேஜரின் உத்தரவை அன்று காலையிலிருந்தே காற்றில் விட்டிருந்தேன். கூட வேலை செய்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் பதினான்கு படம் எடுத்து முடித்திருந்தேன். ஃப்ளாப்பியில் மிச்சமிருந்த கடைசி இடத்தில் இது விழுந்தது.

காமிராவின் முதுகில் தீப்பெட்டி அளவு ஒரு திரை உண்டு. அதில் இருவருக்கும் காட்டினேன். அம்மா அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்தாள். அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு, "பல்லு தெரியுதே" என்றார். "தெரியட்டும். இதப் பெருசு பண்ணிக் குடு கண்ணு, கூடத்துல மாட்டோணும்" என்றாள் அம்மா. நான் தலையை ஆட்டினேன். சாவி தலைக்கு ஏறிய ஆள் அல்லவா.

பிறகு எங்கள் பிரிவில் பூஜை. மைக்ரோமீட்டர், கேஜ், தராசு என்று எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்திருந்தோம். ஆயுதம் என்று எது கைக்கு வருகிறதோ அதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். ஒன்றை விட்டாலும் அது கோபித்துக்கொள்ளும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். அந்த வாரம்தான் வந்த பத்து ஃப்ளாப்பிகளின் பெட்டியும் அங்கே இருந்தது. சுமங்கலி கையால் வைத்தால் நல்லது என்று நான்தான் அம்மாவிடம் குங்குமச் சிமிழைக் கொடுத்தேன்.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். காமிராவின் தலையில் ஒரு பொட்டு. பிறகு பெட்டியைத் திறந்து ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் நடுவில் வட்டமாக அந்தத் தகடு. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் மாதிரி இருந்தது. பத்துக்கும் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். மல்லிகையைத் தண்ணீரில் நனைத்து எல்லாவற்றின் மேலும் தெளித்துவிட்டு மறுபடி பெட்டியில் அடுக்கினாள். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது.

அன்று மாலை தசரா விளக்கு பார்க்கப் போனபோது, சயாஜிராவ் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரேம் கடையில் அம்மா நின்றுவிட்டாள். கறுப்பு விளிம்பு, உள்ளே தங்கக் கோடு. படம் வருவதற்கு முன்னால் எதற்கு என்று அப்பா கேட்டார். "வந்தப்புறம் இது இருக்குமோ என்னமோ" என்று வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கூடத்துச் சுவரில் ஆணி அடிக்கச் சொன்னாள். ஆணியும் அடித்தேன்.

விடுமுறை முடிந்து திறந்த முதல் நாள் காலையிலேயே வார்ப்பு லாரி வந்து நின்றது. பாதிக்குப் பாதி விரிசல். லாரியை உடனே திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குள் படம் எடுத்து அனுப்பு என்று மேனேஜர் என் மேஜைக்கே வந்துவிட்டார். காமிராவை எடுத்தேன். இடமில்லை என்றது. பெட்டியைத் திறந்து புது ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டேன். காமிரா முனகியது, முடியாது என்றது. இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதை மேனேஜர் என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். காய்ந்த சந்தனம் அவர் சட்டையில் உதிர்ந்தது.

"ஏன்ரீ இது? இதுக்கும் பொட்டா?"

"பூஜை சார்."

"அப்போ காமிரா உள்ளே இருந்தது? அதுல என்ன இருக்கு, ஃபுல் ஆகறதுக்கு?"

"பழைய படம் சார். அழிச்சிட்டு எடுத்துடறேன்."

காமிராவிலேயே அழிக்கலாம். அதில் அழித்தால் அழிந்ததுதான் என்பது எனக்குத் தெரியும். அதனால் புத்திசாலித்தனமாக ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு ஓடினேன். அதில்தானே தொட்டி இருக்கிறது. இப்போது அழிப்போம், மேனேஜர் தலை மறைந்ததும் எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர்காரர் லீவு, மத்தியானம்தான் வருவார். மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். பதினைந்தையும் சேர்த்துப் பிடித்து அழி என்றேன். நிச்சயமாகத்தானா என்று அது கேட்டது. அந்தக் கேள்வியை முழுசாகப் படிக்கவில்லை. நிச்சயம்தான் என்று அமுக்கினேன்.

இடம் கிடைத்தது. அந்த இடத்தில் பன்னிரண்டு விரிசல்களை எடுத்தேன். அனுப்பினேன். லாரி போனது. சபாஷ் என்று மேனேஜர் முதுகில் தட்டினார்.

மத்தியானம் கம்ப்யூட்டர்காரர் வந்து உட்கார்ந்ததும் தொட்டியைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். காலியாக இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு, "கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறத அழிச்சாத்தான் தொட்டிக்கு வரும். ஃப்ளாப்பியில இருக்கறத அழிச்சா ஹோய்த்து, அஷ்டே. நேரா போயிடும்" என்றார்.

"ஏதாவது பண்ண முடியாதா சார்?"

"அது மேலயே வேற படம் எடுத்திட்டியே" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இருபத்துநாலு வயது ஆம்பிளை, கழுவுமிடத்துக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் லேத் அங்கிருந்து தெரியும். வாடிய மாலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். "போட்டோ வந்துருச்சா கண்ணு?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் முழுசாகச் சொன்னால், புது ஃப்ளாப்பி ஏன் உதவவில்லை என்றும் சொல்ல வேண்டும். நீ வைத்த பொட்டுதான் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "பெங்களூர்ல பிரிண்ட் போடக் குடுத்திருக்கும்மா" என்றேன். பெங்களூர் எனக்கு மூன்று மாதம் கைகொடுத்தது. பேப்பர் தீர்ந்துவிட்டது, மெஷின் ரிப்பேர், தெரிந்தவர் ஊரில் இல்லை. வாரம் ஒரு பொய். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், தலை நிமிரமாட்டார். வெறும் பிரேம் பீரோவுக்குள் இருந்தது. ஆணி சுவரில் இருந்தது.

சங்கராந்தி அன்று எள்ளும் வெல்லமும் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம், அந்தப் படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், மாலை என்ன நிறம், அவர் எப்படிச் சிரிக்கிறார் என்று அம்மா ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்ததும் காட்டறேனுங்" என்றாள். நான் உள்ளறையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே நின்றேன். போட்டு முடித்த பிறகும் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்கவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதிதான்.

மே மாதம் அப்பா ஓய்வு பெற்றார். அன்று ஸ்டூடியோக்காரர் வந்து, சால்வையோடு அவரை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். உதடு இறுகியிருந்தது. கொஞ்ச நாளில் அந்த லேத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டரால் ஓடும் மெஷின் ஒன்றை இறக்கினார்கள். அது காலியானதை அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். எங்கள் வீட்டில் அந்த ஆயுத பூஜையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்சு தப்பித்தவறி அந்தப் பக்கம் வந்தாலும், அம்மா குழம்பில் உப்பு சரியா என்று கேட்பாள். ஆறு வருடம் இப்படி ஓடியது.

அப்பா போன பிறகு, விளக்கு ஏற்றி வைக்க ஒரு படம் வேண்டியிருந்தது. ஓய்வு நாளில் எடுத்ததைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தேன். அம்மா பீரோவைத் திறந்து அந்தக் கறுப்பு பிரேமை எடுத்தாள். பழைய டவலில் சுற்றி வைத்திருந்தாள். துடைத்து என்னிடம் நீட்டி, "இதுல போட்டுக் குடு கண்ணு" என்றாள்.

படம் பிரேமுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் போயிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கண்ணாடியை மூட முடியாமல் கை நின்றுவிட்டது. "அம்மா, அந்தப் படத்த நான்தான் அழிச்சிட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"உங்கப்பா அப்பவே சொல்லிப்போட்டாரு. சங்கராந்திக்கு ரெண்டு நாள் கழிச்சு. அந்தக் கம்ப்யூட்டர்காரரு பஸ்ஸுல அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காரு."

"அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கலை? ரெண்டு அறை குடுத்திருக்கலாமே."

"பொட்டு வெச்சது நானல்லோ? உன்னையக் கேட்டா, நீ என்னையச் சொல்லோணும். சொல்ல மாட்டாம நீ படற பாட்ட நாங்க பாக்கலையா? கேக்க வேண்டாம் அம்மிணின்னு அவருதான் சொன்னாரு."

அம்மா பிரேமை வாங்கி, கண்ணாடியை அவளே மூடி, முந்தானையால் துடைத்தாள். பிறகு, "நீ ஷிப்டுக்குப் போனப்புறம் நாங்க பேசிக்குவோம். 'வெக்கமா இல்ல உனக்கு'ன்னு நாஞ் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுவாரு. சொல்லிட்டு அன்னைக்கு மாதிரியே சிரிப்பாரு" என்றாள்.

படம் போனதை நான் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டுவிட்டேன். இதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு ஆறு வருடம் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவதற்காகக் காத்திருந்திருக்கிறது. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் நானும் அவர்களோடு உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பேன். எத்தனை முறை பார்த்திருப்பேன்! உடைந்த பல்லோடு அப்பா எப்படிச் சிரித்தார் என்று இப்போது நினைத்துப் பார்த்தால், தலை சாய்ந்தது வருகிறது, லேத்தைப் பிடித்த கை வருகிறது. சத்தம் மட்டும் வருவதில்லை. அதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று ஏங்கி என்ன பிரயோஜனம்? ஆனாலும் ஏங்குகிறேன்.

மகள் உள்ளேயிருந்து, "அப்பா, காலி பண்ணியாச்சா?" என்று குரல் கொடுத்தாள்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்தேன். மொத்தமாகப் பிடிக்க வழி இருக்கிறதாம். எனக்கு மொத்தமாகப் பிடிப்பதில் பயம். திரையில் வந்த கேள்வியை இந்தமுறை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். மீட்கவா என்றுதான் கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். இடமில்லை என்று ஃபோன் மறுபடி புலம்பத் தொடங்கியது. ரோஜாக்களையும் சுவிட்ச் போர்டையும் தொட்டியிலேயே விட்டேன், மகள் வந்து காலி செய்துகொள்ளட்டும்.

பிறகு அந்த நாற்பதாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கலங்கியிருப்பது கை அல்ல, ஒரு விரல். அன்று வராந்தாவில் அம்மா ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிவிட, நான் விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணை நன்றாகத் திறந்து, விரலை நீட்டி, ஃபோனுக்கு நேராக ஆட்டினாள்.

"எடுத்தது போதும் கண்ணு. இதையாச்சும் அழிச்சுப்போடாம வெச்சிரு" என்றாள்.